"வெளியே பொறி வருது, எஞ்சின் ஸ்டார்ட் ஆகல": குட்டி மாடல் எஞ்சின்களில் இக்னிஷன் கோளாறு பிடிப்பது

குட்டி எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் நம்மில் பலருக்கும் கை முதலில் போவது எரிபொருள் அளவைத் திருத்தும் கார்புரேட்டர் ஊசிக்குத்தான். திருகத் திருக, நன்றாக இருந்த கலவையும் கெட்டு, ஒரு கோளாறோடு வந்தவர் இரண்டு கோளாறோடு உட்கார்ந்திருப்பார். ஊசியை விட்டுவிடுங்கள், முதலில் பொறியைப் பார்ப்போம்.

இங்கே சொல்வது பெட்ரோலில் ஓடும், ஸ்பார்க் பிளக் வைத்த மாடல் எஞ்சின்களுக்கு. லேத்தில் கடைந்து செய்த ஒற்றை சிலிண்டர் எஞ்சினோ, மாடல் விமானத்தில் பூட்டும் டூ ஸ்ட்ரோக்கோ, எதுவானாலும் சரி. பாயிண்ட் (கேம் திறந்து மூடும் குட்டி ஸ்விட்ச்), காயில் (வோல்டேஜை ஆயிரக்கணக்கில் உயர்த்தும் சுருள்), கண்டென்சர் (கெப்பாசிட்டர்) வைத்த பழைய முறையும், சுற்றும் காந்தத்தை உணரும் ஹால் சென்சாரும் சி.டி.ஐ. என்ற எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டியும் வைத்த புது முறையும் இரண்டுமே வரும். பொறிக்குப் பதில் சூடான சுருளால் பற்றவைக்கும் குளோ பிளக் எஞ்சின்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

கோளாறு எப்போது வருகிறது என்பதுதான் முதல் துப்பு. எஞ்சின் சூடான பிறகா, வேகம் ஏறும்போதா, இல்லை ஸ்டார்ட்டே ஆகவில்லையா? எந்த நிலையில் நிற்கிறதோ அந்த நிலையில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். மேசையில் ஆறிக் கிடக்கும் எஞ்சினின் பிளக்கைக் கழற்றி, பொறி வருகிறதே என்று திருப்திப்படுவது, காய்ச்சல் விட்ட பிறகு தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது மாதிரி.

தொடங்கும் முன் ஒரு விஷயம். பிளக் கழற்றிய துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், அதன் வாயிலேயே பொறியைச் சோதித்தால் புருவம் போகும். துளையில் துணியை அடைத்து, டாங்கைத் தள்ளி வைத்து, பிளக்கைத் துளைக்கு எட்டத்தில் பிடியுங்கள். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது ப்ரொப்பெல்லரை லேசாக அசைத்தால்கூடக் காந்தம் சென்சாரைத் தாண்டிப் பொறியைத் தட்டிவிடும், உள்ளே கொஞ்சம் கலவை மிச்சமிருந்தால் எஞ்சின் ஓடவே ஆரம்பிக்கும். சோதனை முடியும்வரை ப்ரொப்பெல்லர் வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

பொறியே வரவில்லை

முதலில் பேட்டரி, அதுவும் லோடு போட்டு. சும்மா இருக்கும்போது 6.2 வோல்ட் காட்டும் பேட்டரி, பாயிண்ட் மூடிக் காயிலுக்குக் கரண்ட் போகும்போது 4-க்கு இறங்கினால் அதை வைத்துக் கடிகாரம் ஓட்டலாம், எஞ்சின் ஓட்ட முடியாது. மீட்டரை மாட்டியபடியே பாயிண்டை மூடிப் பாருங்கள். ஸ்விட்ச், கனெக்டர், மெல்லிய ஒயர் எல்லாமே இங்கே வோல்டேஜைத் தின்னும்.

அடுத்தது கிரவுண்ட். என் அனுபவத்தில் காயில், சி.டி.ஐ. எல்லாவற்றையும் விட அதிகமாக ஏமாற்றுவது இதுதான். பிளக்கில் குதித்த கரண்ட் எஞ்சின் உடம்பு வழியாகத் திரும்பிக் காயிலுக்கு வந்து சேர வேண்டும். பாதியில் வழி அடைபட்டால் பொறி இல்லை. மரப் பலகையில் எஞ்சினைப் பூட்டியிருக்கிறீர்கள் என்றால் உடம்பிலிருந்து தனியாக ஒரு கிரவுண்ட் ஒயர் கட்டாயம் போக வேண்டும். அலுமினியத் தகட்டில் பூட்டியிருந்தாலும் அது அனோடைஸ் செய்த தகடா என்று பாருங்கள்: அழகாகக் கறுப்பும் சிவப்புமாகத் தெரியும் அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. பெயின்ட்டும் அப்படித்தான். கம்ப்ரெஷன் கசியக் கூடாது என்று பிளக் மரையில் டெஃப்லான் டேப் சுற்றுபவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், அங்கே கசிவை நிறுத்த வேண்டியது வாஷர். சந்தேகமாக இருந்தால் பிளக்கின் அறுகோண உடம்பிலிருந்து பேட்டரியின் மைனஸ் வரைக்கும் முதலைக் கிளிப் வைத்த ஒரு ஒயரை நேராக மாட்டிப் பாருங்கள். பொறி வந்துவிட்டால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

பாயிண்ட் வைத்த எஞ்சின் என்றால், பாயிண்ட் மூடியிருக்கும்போது அதன் இரண்டு பக்கமும் மீட்டரை வைத்து வோல்டேஜ் அளக்கவும். கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். 0.2, 0.3 வோல்ட் என்று ஏதாவது நின்றால் தொடும் முகத்தில் அழுக்கு. குட்டி எஞ்சின்களில் கேம் பக்கத்திலிருந்து எண்ணெய்ப் புகை வந்து பாயிண்ட் மேல் படிந்து, பொறியில் கருகி, கண்ணுக்கே தெரியாத கறுப்புப் படலமாகும். மிக நைஸான உப்புத்தாளால் இரண்டு இழுப்பு, அப்புறம் சுத்தமான வெள்ளைக் காகிதத்தை நடுவில் வைத்து மூடி இழுக்கவும், காகிதம் கறுக்காமல் வரும்வரை. இந்தக் காகித வேலையை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். உப்புத்தாள் விட்டுப்போன துகள் ஒன்று இடையில் நின்றாலும் மறுபடி அதே கதைதான். கூடவே அசையும் பாயிண்ட் கையைப் பிடித்திருக்கும் ஃபைபர் வாஷரையும் பாருங்கள். அது எண்ணெயும் கரியும் ஊறி கிரவுண்டோடு ஷார்ட் ஆகியிருந்தால் பாயிண்ட் திறந்தாலும் கரண்ட் நிற்காது, கரண்ட் நிற்காவிட்டால் பொறியும் கிடையாது. பாயிண்ட் மூடும்போது பொறி வருவதாக நினைப்பவர்கள் உண்டு. திறக்கும்போதுதான் காயிலின் காந்தப்புலம் சரிந்து, பிளக்குக்குப் போகும் ஹை டென்ஷன் ஒயரில் வோல்டேஜ் எகிறுகிறது.

ஹால் சென்சார் என்றால் ஒரு எல்.இ.டி.யும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போதும். சி.டி.ஐ.யிலிருந்து சென்சாரைக் கழற்றி, அதற்கு 5 வோல்ட் கொடுத்து, பிளஸ்ஸிலிருந்து ரெசிஸ்டர், எல்.இ.டி. வழியாக சென்சாரின் சிக்னல் ஒயருக்கு இணைக்கவும். எஞ்சினை மெதுவாகச் சுற்றும்போது காந்தம் சென்சாருக்கு நேரே வரும் இடத்தில் விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால் சென்சாரைத் தூக்கிப்போடும் முன் காந்தத்தைச் சந்தேகியுங்கள். இப்படி ஸ்விட்ச் போல வேலை செய்யும் சென்சார்கள் பெரும்பாலும் காந்தத்தின் ஒரு துருவத்துக்கு மட்டும்தான் அசையும், காந்தத்தைத் தலைகீழாக ஒட்டியிருந்தால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கையில் ஒரு தனிக் காந்தத்தை எடுத்து இரண்டு முகத்தையும் காட்டிப் பார்த்தால் பத்து நொடியில் தெரிந்துவிடும். இன்னொரு காரணம் இடைவெளி. 1 முதல் 2 மி.மீ. என்றால் கவலை இல்லை, 4, 5 என்று போனால் குட்டிக் காந்தத்தின் பலம் சென்சாரை எட்டாது.

காயிலை ஓம் மீட்டரில் அளந்து பார்க்கலாம், ஆனால் அதை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். பிரைமரி (பேட்டரி பக்கச் சுருள்) சில ஓம், செகண்டரி (பிளக் பக்கச் சுருள்) பல ஆயிரம் ஓம் காட்டும். சுருள் அறுந்து மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் போச்சு, உறுதி. எண் சரியாக இருந்தால் மட்டும் நல்லது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் செகண்டரியின் உள்ளே இன்சுலேஷன் ஓட்டை ஆயிரக்கணக்கான வோல்ட் வந்தால்தான் வெளிப்படும், மீட்டரின் சின்ன பேட்டரிக்கு அது தெரியாது.

மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமல் சுற்றும் காந்தத்தாலேயே பொறி தரும் அமைப்பு) வைத்தவர்கள் முதலில் ஸ்டாப் ஸ்விட்ச் ஒயரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். எங்கோ உரசித் தோல் உரிந்த அந்த ஒயர் எஞ்சினை நிரந்தரமாக 'ஆஃப்' செய்து வைத்திருக்கும்.

வெளியே பொறி இருக்கிறது, உள்ளே பற்றவில்லை

தலைப்பில் சொன்ன கேஸ் இதுதான், அதிகப் பேரைச் சுற்றவிடுவதும் இதுதான்.

காற்றில் பொறி குதிக்கத் தேவையான வோல்டேஜ், இடைவெளியையும் காற்றின் அடர்த்தியையும் பொறுத்தது. வெளிக்காற்றில் மழுங்கிய முனைகளுக்கு இடையே மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் என்று ஒரு தோராயம் வைத்துக்கொள்ளலாம். இப்போது கம்ப்ரெஷன் 6-க்கு 1 உள்ள எஞ்சின் என்றால் பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே இருப்பது ஏறக்குறைய ஆறு மடங்கு அடர்ந்த காற்று. பிளக் இடைவெளி 0.5 மி.மீ. என்றால், காயிலைப் பொறுத்தவரை அது வெளியே 3 மி.மீ. தாண்டுவதற்குச் சமம். ஆகவே பிளக்கைக் கழற்றி வெளியே பொறி பார்க்கும்போது நீங்கள் காயிலுக்குக் கொடுப்பது நிஜப் பரீட்சையில் ஆறில் ஒரு பங்குதான். செத்துக்கொண்டிருக்கும் காயில்கூட அதில் பாஸாகும்.

அதனால் இப்படிச் சோதியுங்கள்: ஒரு காய்ந்த மரத்துண்டில் இரண்டு ஆணிகளை எதிரும் புதிருமாகப் படுக்க வைத்துப் பொருத்தி, முனைகளுக்கு நடுவே 4 மி.மீ. விடவும். முனைகளைக் கொஞ்சம் மழுங்கத் தேய்த்துவிடுங்கள், கூரான முனையில் பொறி சுலபமாகக் குதித்து ஏமாற்றும். ஒன்றில் ஹை டென்ஷன் ஒயர், இன்னொன்றில் எஞ்சின் உடம்பு. எஞ்சினைச் சுற்றும்போது நீலமாக, 'டப்' என்ற சத்தத்தோடு விடாமல் குதித்தால் உள்ளேயும் குதிக்கும். 4 மி.மீ.க்கு மேல் இழுத்துப் பார்த்து வீரம் காட்ட வேண்டாம். வெளியே போக வழி கிடைக்காத வோல்டேஜ் காயிலுக்குள்ளேயே வழி தேடும், அப்புறம் அந்தக் காயில் உங்களுடையது இல்லை. இதே காரணத்தால்தான் சி.டி.ஐ.யில் பிளக்கை மாட்டாமல் எஞ்சினைச் சுற்றவே கூடாது.

சோதனையில் தேறவில்லை என்றால் இருட்டில் ஒருமுறை எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். விளக்கை அணைத்துக் கண் பழகியதும், ஹை டென்ஷன் ஒயர் எஞ்சின் உடம்பைத் தொடும் வளைவிலோ, பிளக் தொப்பியின் ஓரத்திலோ, வெடித்த பீங்கான் மேலோ நீல நூல் மாதிரி ஒன்று ஊர்ந்து போவது தெரியும். பகலில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது கண்ணில் படாது. ஒருமுறை அப்படி ஊர்ந்த வழியில் கரி கோடு போட்டுவிடும், துடைத்தாலும் மறுபடி அதே வழியில் போகும். அந்தப் பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

தேறிவிட்டது, ஆனாலும் பற்றவில்லை என்றால் பிளக் இடைவெளியைக் குறையுங்கள். குளோ பிளக் அளவிலான குட்டி ஸ்பார்க் பிளக்குக்கு 0.3 முதல் 0.4 மி.மீ., 10 மி.மீ. மரை பிளக்குக்கு 0.5 மி.மீ. பக்கம் வைத்துத் தொடங்கலாம். கார் பிளக்குக்கு வைக்கும் 0.8, 1 என்ற எண்களை இங்கே கொண்டுவராதீர்கள். பிளக் ஈரமாக வந்தால் பெட்ரோல் மூழ்கிவிட்டது, துடைத்து, துளை திறந்த நிலையில் எஞ்சினைப் பல சுற்று சுற்றி வெளியேற்றவும், அப்போது இக்னிஷன் ஆஃபில் இருக்கட்டும். காய்ந்து வந்தால் இது இக்னிஷன் கோளாறே அல்ல, இப்போது நீங்கள் கார்புரேட்டருக்குப் போகலாம்.

பொறி மஞ்சளாக மெலிந்திருக்கிறது, பாயிண்ட் எரிகிறது

பாயிண்டைப் பாருங்கள். திறக்கும்போது அங்கேயே பளிச்சென்று ஒரு வெளிச்சம் வந்தால், பிளக்குக்குப் போக வேண்டியது அங்கே செலவாகிறது. கண்டென்சர் உள்ளே அறுந்து போயிருக்கும், அல்லது அதன் கிரவுண்ட் விட்டிருக்கும். ஷார்ட் ஆன கண்டென்சர் என்றால் பாயிண்டில் வெளிச்சமே இருக்காது, பிளக்கில் பொறியும் இருக்காது.

அளவு 0.2 மைக்ரோஃபாரட் பக்கம் இருந்தால் பெரும்பாலான காயில்களுக்குப் போதும். எலக்ட்ரானிக்ஸ் டப்பாவில் கிடந்த 50 வோல்ட் கெப்பாசிட்டரைப் போட்டு, பத்து நிமிடம் நன்றாக ஓடியது, அப்புறம் நின்றுவிட்டது என்பவர்களுக்கு: பேட்டரி 6 வோல்ட்தான், ஆனால் பாயிண்ட் திறக்கும் நொடியில் பிரைமரியில் இருநூறு முந்நூறு வோல்ட் எகிறும். 400 வோல்ட்டுக்குக் குறையாத ஃபிலிம் கெப்பாசிட்டராகப் போடவும். பாயிண்டுக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒயரைச் சின்னதாக வெட்டவும்.

பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. ஃபீலர் கேஜ் இல்லாமல் கண்ணால் வைக்கும் இடைவெளி ஒருவர் வைத்தது போல் இன்னொருவருக்கு வராது.

நல்ல பொறி, ஆனால் உதைக்கிறது அல்லது கார்புரேட்டரில் இருமுகிறது

டைமிங். சுற்றும்போது எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் பொறி சீக்கிரம் வருகிறது. சோம்பலாக ஓடிச் சைலன்சர் அளவுக்கு மீறிச் சூடானால் தாமதம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் இருக்கிறது, ஆணிச் சோதனையிலும் தேறியது, ஒரு வெடிகூட இல்லை அல்லது கார்புரேட்டர் வழியாகவே துப்புகிறது என்றால் கேம் அரைச் சுற்று (கிராங்கில் ஒரு முழுச் சுற்று) தப்பி, பொறி எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடியும் இடத்தில் வருகிறதா என்று பார்க்கவும். பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துச் சுற்றினால் காற்று விரலைத் தள்ளும் சுற்றுதான் கம்ப்ரெஷன். பொறி அந்தச் சுற்றில் வர வேண்டும்.

பிஸ்டன் உச்சியைக் கண்ணால் பார்த்துக் குறிப்பது தப்பாகத்தான் முடியும், ஏனென்றால் உச்சியில் பல டிகிரிக்குப் பிஸ்டன் அசைவதே தெரியாது. பிளக் துளையில் பிஸ்டனைக் கொஞ்சம் கீழேயே தடுத்து நிறுத்தும் ஒரு மழுங்கிய போல்ட்டைப் பூட்டி, ஃப்ளைவீலை ஒரு பக்கம் முட்டும்வரை சுற்றிக் குறியிடவும், மறுபக்கம் முட்டும்வரை சுற்றி இன்னொரு குறி. இரண்டுக்கும் சரி நடுவில் இருப்பதுதான் உச்சி. ஃப்ளைவீல் விட்டம் 100 மி.மீ. என்றால் சுற்றளவு 314, ஆக 10 டிகிரி என்பது விளிம்பில் 8.7 மி.மீ. டேப்பை ஒட்டி அளந்துவிடலாம்.

மெதுவாக ஓடும் காட்சி எஞ்சினுக்கு உச்சிக்கு 10 டிகிரி முன்னால் வைத்துத் தொடங்கினால் போதும். வேகமாக ஓடும் டூ ஸ்ட்ரோக் விமான எஞ்சினில் ஓடும்போது 28 டிகிரி பக்கம் தேவைப்படும், ஸ்டார்ட் ஆகும்போது சி.டி.ஐ.யே தாமதப்படுத்திக் கொடுக்கும். பாயிண்ட் திறக்கும் இடத்தை மீட்டரின் பஸ்ஸர் வைத்துப் பிடிக்கும்போது காயில் ஒயரைக் கட்டாயம் கழற்றுங்கள். இல்லையென்றால் காயில், பேட்டரி வழியாகவே சுற்று முடிந்து, பாயிண்ட் திறந்த பிறகும் பஸ்ஸர் கத்திக்கொண்டே இருக்கும்.

சூடானதும் நிற்கிறது, ஆறியதும் ஓடுகிறது

இதில் நான் ஒரு வாரம் தொலைத்தேன். ஹால் சென்சார் வைத்த ஒற்றை சிலிண்டர், எட்டு நிமிடம் அருமையாக ஓடும், அப்புறம் ஸ்விட்சை அணைத்த மாதிரி நிற்கும். அரை மணி நேரம் விட்டால் மறுபடி எட்டு நிமிடம். காயிலை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், டாங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று அதையும் குடைந்தேன். நின்றவுடனேயே பொறி பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஒவ்வொரு முறையும் கருவிகளைத் தேடி எடுத்து வருவதற்குள் ஆறிப்போய், பொறி வந்துவிடும்.

கடைசியில் சென்சாரைக் கழற்றி, மேலே சொன்ன எல்.இ.டி.யை மாட்டி, காந்தத்தை அதன் முன்னால் நிறுத்தி விளக்கை எரியவிட்டு, முடி உலர்த்தும் டிரையரால் சென்சார்மேல் சூடான காற்றைப் பிடித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, விளக்கு அணைந்தது. டிரையரை எடுத்து ஊதினால் எரிகிறது. கோளாறு சென்சாரிலும் இல்லை, அதன் காலில் நான் வைத்த ஈயப் பற்றில். சோல்டரிங் அயர்னைச் சரியாகச் சூடேற்றாமல் வைத்த மங்கலான பற்று, சூட்டில் விரிந்து விலகி, ஆறினால் சேர்ந்துகொண்டிருந்தது. மேலே ஷ்ரிங்க் குழாய் போட்டு நானே அழகாக மறைத்தும் வைத்திருந்தேன்.

ஆகவே எஞ்சினை ஓடவிடும் முன்பே ஆணிக் கட்டையைப் பக்கத்தில் தயாராக வையுங்கள். நின்ற அடுத்த நிமிடத்துக்குள் பொறியைப் பாருங்கள். பொறி இருந்தால் அது எரிபொருள் பக்கம். இல்லையென்றால் காயில், சென்சார், பற்றுகள் என்று ஒவ்வொன்றையும் தனியாகச் சூடாக்கிப் பார்க்கலாம். காயில் கை வைக்க முடியாத அளவு சூடாக இருந்தால் 6 வோல்ட் காயிலுக்கு 12 வோல்ட் கொடுக்கிறீர்களா, அல்லது பாயிண்ட் மூடிய நிலையில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்விட்சை மறந்துவிடுகிறீர்களா என்று யோசியுங்கள். 3 ஓம் பிரைமரி 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும், அது முழுக்கச் சூடாகத்தான் போகும்.

மெதுவாக நன்றாக ஓடுகிறது, வேகம் ஏறினால் மிஸ் ஆகிறது

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராங்கிலேயே பாயிண்ட் உள்ள எஞ்சினில், பாயிண்ட் 60 டிகிரிக்கு மூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 600 சுற்றில் ஒரு சுற்று 100 மில்லி செகண்ட், பாயிண்ட் மூடியிருப்பது 16.7. வேகத்தை 6,000-க்கு ஏற்றினால் அது 1.67 மில்லி செகண்டாகச் சுருங்கும். காயிலில் கரண்ட் உடனே ஏறிவிடாது, அதற்கு நேரம் வேண்டும். பெரிய கார் காயில்கள் பலவற்றுக்கு இந்த நேரம் போதாது. பாயிண்ட் அதிக நேரம் மூடியிருக்கும்படி கேமை மாற்றலாம், அல்லது சி.டி.ஐ.க்குப் போகலாம். அதில் சக்தி காயிலில் அல்ல, கெப்பாசிட்டரில் சேர்கிறது, பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் அங்கே பிரச்சினையே இல்லை.

அதற்கு முன் பாயிண்ட் ஸ்பிரிங்கைப் பாருங்கள். தளர்ந்திருந்தால் வேகத்தில் கை கேமோடு ஒட்டாமல் துள்ளும்.

பொறி நன்றாக இருக்கிறது, விமானத்தின் ரிமோட் ரேடியோதான் நடுங்குகிறது

சி.டி.ஐ. ஒயரின் மேல் உள்ள பின்னல் கவசம் பிளக் உடம்பை இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும், தளர்ந்த தொப்பி ஒரு குட்டி ஆன்டெனா. இக்னிஷனுக்குத் தனி பேட்டரி வைத்து, ரிசீவரிலிருந்து 30 செ.மீ.யாவது தள்ளி வையுங்கள். ரெசிஸ்டர் உள்ள பிளக்கும் உதவும்.

குளோ பிளக் எஞ்சின்கள்

இங்கே பொறி என்பதே கிடையாது. மெத்தனால் ஆவி பிளாட்டினம் கலந்த சுருளைத் தொட்டு வினைபுரிந்து, ஓடும்போது அந்தச் சுருளைத் தானாகவே சூடாக வைத்திருக்கிறது. பேட்டரி ஸ்டார்ட் செய்ய மட்டும்தான். பிளக்கைக் கழற்றி 1.2 முதல் 1.5 வோல்ட் கொடுத்தால் சுருள் முழுக்கப் பளிச்சென்று ஆரஞ்சாக எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் முதலில் இக்னைட்டரை (பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் பேட்டரிக் கிளிப்பை) சார்ஜ் செய்யுங்கள், பிளக்மேல் பழி போடும் முன். தவறிக்கூட 12 வோல்ட் காட்ட வேண்டாம், ஒரே மின்னலில் முடிந்துவிடும்.

பேட்டரியை எடுத்ததும் வேகம் இறங்கி நிற்கிறது என்றால் கலவை அதிகம் கொழுத்திருக்கிறது (எரிபொருள் கூடுதல்), அல்லது அந்த எஞ்சினுக்கு அது குளிர்ந்த ரகப் பிளக். ஒரு படி சூடான ரகம் போட்டுப் பாருங்கள். சுருள் நெளிந்து, மணல் வீசியது போல் பொரிந்திருந்தால் எஞ்சின் மிக மெலிந்த கலவையில் ஓடியிருக்கிறது. புதுப் பிளக் போடும்போதே ஊசியையும் கொஞ்சம் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்ததும் அதே கதிதான். பிளக்கின் அடியில் செப்பு வாஷர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கழற்றும்போது அது சிலிண்டர் தலையிலேயே ஒட்டிக்கொண்டு, புதுப் பிளக்கோடு வந்த இன்னொரு வாஷரும் சேர்ந்து இரண்டாகிவிடுவதும் உண்டு.